பின்சக்கரம் ரெண்டும் ஆதிமூலத்துது

ராஜேஷ் ஆதிமூலத்துக்குத் தரவேண்டிய பாக்கி பதினோராயிரத்து அறுநூறு ரூபாய். அதற்கு ஆதிமூலம் வட்டி கேட்கவில்லை, பத்திரமும் எழுதவில்லை. தன் பழைய பிக்கப் வண்டியை ராஜேஷுக்கு விற்ற அன்றைக்கு, வடக்கனந்தல் டீக்கடையில் நாலு பேர் காதில் விழ ஒரே ஒரு பேச்சுதான் பேசினார்.

"பாக்கி தீர்ற வரைக்கும் பின்சக்கரம் ரெண்டும் என்னுது. முன்னாடி உன்னுது. ஓட்டு, சம்பாரி. ஆனா பின்னாடி என்னுதுன்றத மறந்துடாத."

ராஜேஷ் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டான். மலையில் கரியாலூரைத் தாண்டி இருக்கிற அவன் ஊரிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகிற வழியில்தான் ஆதிமூலத்தின் வீடு. ரெண்டு வருஷமாக அந்த வாசலில் நிற்காமல் வண்டி ஒரு நாளும் போனதில்லை. ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வருவார். இடது பின்சக்கரத்துக்கு ஓர் உதை. சுற்றிப் போய் வலதுக்கு ஓர் உதை. "காத்து கம்மியா இருக்குதுடா" என்பார். காற்று சரியாகத்தான் இருக்கும். பின்கதவில் அவர் பிள்ளைகள் பெயர் அன்புச்செல்வன், அறிவுச்செல்வன் என்று மஞ்சளும் சிவப்புமாக இன்னும் இருந்தது. அதையும் துண்டால் ஒரு துடை துடைப்பார். பலாப்பழக் காலத்தில் பின்சக்கரத்து வாடகை என்று ஒரு பழம் இறங்கிக்கொள்ளும். டயர் வெடித்தாலும் பிரேக் தேய்ந்தாலும் செலவு ராஜேஷுடையது. உதை மட்டும் ஆதிமூலத்துடையது.

இந்த வருஷத்து மழை ஊருக்குக் கீழே இருக்கிற ஓடையை அரித்துவிட்டுப் போனது. ஓடைக்கு நடுவில் ஒரு பாறை உண்டு. ஆமை முதுகு மாதிரி இருப்பதால் ஆமைப்பாறை. முன்னெல்லாம் முதுகு லேசாகத்தான் தெரியும். இப்போது சுற்றி மண் போய், பாறை எழுந்து உட்கார்ந்துவிட்டது. வண்டி ரெண்டு பக்கமும் சக்கரம் விட்டுத் தாண்டும்போது, பின்னால் வண்டிச் சட்டத்துக்கு அடியில் ஸ்டெப்னி சக்கரத்தைத் தாங்கித் தொங்குகிற இரும்புக் கூண்டு பாறையில் 'டங்' என்று இடித்தது. பாறையை உடைக்கலாம். ஆனால் ஆடி மாசம் ஊரே அதற்குக் கற்பூரம் ஏற்றுகிறது. கற்பூரம் ஏற்றின கையால் சம்மட்டி தூக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

மரவள்ளி பிடுங்குகிற நேரம். பிடுங்கின கிழங்கு ரெண்டு நாளைக்குமேல் தாங்காது; அதற்குள் ஜவ்வரிசி மில்லுக்குப் போய்விடவேண்டும். ஊர்க் கூட்டத்தில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

"திங்கக்கிழமை மொத லோடு. உன் வண்டி ஓடையத் தாண்டிச்சின்னா இந்த வருஷத்துக் கெழங்கு மொத்தமும் உனக்கு. தாண்டலன்னா சங்கராபுரத்து டிராக்டருக்கு அட்வான்ஸ் குடுத்துடுவோம். கோச்சிக்காத."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? வண்டி வாங்குவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் ராஜேஷ் அந்த ஓடையைத் தலையில் மூட்டையோடு தாண்டியவன். அவன் கழுத்து மழைக்காலத்தில் இன்றைக்கும் வலது பக்கம் திரும்பாது. மறுபடியும் அந்த மூட்டைக்குத் தலை கொடுக்கிற எண்ணம் அவனுக்கு இல்லை.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டான். அச்சுக்கு மேலே இருக்கிற வில்லுப் பட்டையைக் கூட்டி, வண்டியை ரெண்டு அங்குலம் தூக்கிவிடவேண்டியது.

அவன் மனைவி சாமியம்மாள் ஆடு விற்ற காசு, சாமை விற்ற காசு எல்லாம் சேர்த்துப் பதிமூவாயிரம் எடுத்துக் கொடுத்தாள்.

"இது வண்டி தூக்கறதுக்குன்னு குடுக்கறேன். வடக்கனந்தல்ல அந்த உதைக்கற அண்ணன் கண்ணுல பட்டுச்சின்னா பாக்கிக்குப் பூடும். சட்டைப் பைக்குள்ள ஊக்கு குத்திக்க."

ஊக்கும் அவளே குத்திவிட்டாள்.

*

கள்ளக்குறிச்சியில் ஜெயசுதா வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால் அவள் புருஷன் பிரவீன்குமாரின் பட்டறை. அவனை நின்று பார்த்தவர்கள் குறைவு. எப்போதும் ஏதாவது வண்டிக்கு அடியில் காலை நீட்டிப் படுத்திருப்பான். கால் மட்டும்தான் தெரியும்.

"தூக்கறதுக்கு முன்னாடி ஷாக்கப்சர் முடிவு பண்ணிடணும் ண்ணா" என்றாள் ஜெயசுதா. "வண்டி ஒசந்துட்டா பழசு எட்டாது. எட்டலன்னா மொத பள்ளத்துலயே இழுத்துப் பிச்சிக்கும். நான் சொன்ன அளவு எடுத்தாந்தீங்களா?"

சக்கரத்தின் குலுக்கலை அடக்குகிற ஷாக்கப்சரின் மேலேயும் கீழேயும் போல்ட்டு போகிற வளையத்துக்குக் கண் என்று பெயர். அந்த மேல்கண்ணுக்கும் கீழ்கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு என்று அளந்து வரச் சொல்லியிருந்தாள். ராஜேஷ் பெருமையாகச் சொன்னான்.

"பின்னாடி எடது பக்கம் பதினேழரை அங்குலம். வலது பக்கம் பதினாறு."

ஜெயசுதா எழுதப் போன பேனாவை நிறுத்தினாள். "இன்னா ண்ணா, வண்டி நொண்டிக்கினே வந்துதா?"

"நல்லாதாம்மா வந்துது."

"எங்க நிறுத்தி அளந்தீங்க?"

"வூட்டாண்டதான்."

"வூட்டாண்ட தரை எப்பிடி இருக்கும்?"

ராஜேஷ் யோசித்தான். வீட்டு முன்னால் தண்ணீர்க் குடத்துக்கே ஒரு பக்கம் கல் முட்டுக் கொடுத்துத்தான் வைப்பார்கள். சரிவு என்பது அவனுக்குத் தரைதான். அது சரிவு என்று இந்த நிமிஷம் வரை தோன்றவே இல்லை.

"எங்க ஊர்ல சமமா இருக்கறது பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஒண்ணுதாம்மா. அதுவும் நட்டுக்கினு நிக்குது, அது மேல வண்டி ஏத்த முடியாது."

வண்டிக்கு அடியிலிருந்து பிரவீன்குமாரின் கால்கள் ரெண்டும் சிரித்துக் குலுங்கின.

அந்த நேரம் பார்த்து வாசலில் பழக்கமான சத்தம். 'தொப்'. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'தொப்'. ராஜேஷின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"காத்து கம்மியா இருக்குதுடா" என்று சொல்லிக்கொண்டே ஆதிமூலம் கடைக்குள் வந்தார். உரம் வாங்க பஸ் ஏறி வந்தவர், வண்டியைப் பார்த்ததும் உரத்தை மறந்துவிட்டார். "பின்னாடிக்கு சாமான் வாங்கற, என்ன ஒரு வார்த்தை கேக்கல?"

"கேக்கலாம்னுதான் ண்ணா..."

"கேக்கலாம்னு இருந்த, கேட்டியா?" கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். நல்ல சிவப்பில், தொடை தண்டிக்கு ஒரு ஷாக்கப்சர் தொங்கிக்கொண்டிருந்தது. "இதக் குடும்மா. நீளமா இருக்குது. ஒசந்த வண்டிக்கு நீளமானதுதான் போடணும். நீளம் ஜாஸ்தியா இருந்தா இன்னா கெட்டுப்போச்சி?"

"பாரம் ஏறினா கெட்டுப்போயிடும் ண்ணா" என்றாள் ஜெயசுதா. "இது முழுசா அமுங்கினாலே பதினஞ்சரை அங்குலம் இருக்கும். லோடு ஏத்தி வண்டி அதுக்குக் கீழ உக்காந்துச்சின்னா, இது அமுங்க எடமில்லாம மேல குத்தும். ஒண்ணு இது ஒடையும், இல்ல வண்டி ஒடையும்."

"அதான் நானும் சொல்றேன்!" என்றார் ஆதிமூலம், தான் சொன்னதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரே தாவாகத் தாவி. "பாரத்தோட அளக்கணும். வெறும் வண்டிய அளந்து இன்னா பிரயோஜனம்? செங்கல் ஓட்டின வண்டிடா இது, எனக்குத் தெரியாதா?"

இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி. ஜெயசுதாவும் ஒப்புக்கொண்டாள். சமதரையில் நிறுத்தி மூணு அளவு வேண்டும். வெறும் வண்டி நிற்கும்போது ஒன்று. பழைய ஷாக்கப்சரைக் கழற்றி, ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒன்று. முழு பாரத்தில் அமுங்கி உட்காரும்போது ஒன்று. ஆனால் பட்டறையில் பாரத்துக்கு எங்கே போவது?

"என் வூட்டுக்கு வா" என்றார் ஆதிமூலம். "சிமெண்டுக் களம் கண்ணாடி மாதிரி கீது. மக்காச்சோள மூட்டை கீது. என் சக்கரத்த நான் அளக்கறேன்."

ராஜேஷ் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தான். பணத்தோடு அந்த வீட்டுக்குள் போவதா? ஆனால் திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு ஞாயிறுதான் இருந்தது. வேறு வழி இல்லை.

*

வடக்கனந்தலில் களத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினார்கள். பிரவீன்குமார் வந்ததும் வராததுமாகக் கீழே படுத்துவிட்டான். வெறும் வண்டியை அளந்தான். ரெண்டு பக்கமும் ஒரே அளவு, பதினேழு. ஜாக்கி வைத்துத் தூக்கி அளந்தான், இருபதரை. இனி பாரம். ஆதிமூலம் மூட்டை அடுக்கைப் பார்த்தார். ராஜேஷும் பார்த்தான். பதினஞ்சு மூட்டையாவது வேண்டும். ஏற்றவேண்டும், ஒரு நிமிஷம் அளக்கவேண்டும், மறுபடி இறக்கவேண்டும். ராஜேஷின் கழுத்து பார்க்கும்போதே வலித்தது.

அப்போதுதான் நூறு நாள் வேலை முடிந்து ராணியம்மாள் வந்தாள். ஆதிமூலத்தின் வீட்டுக்காரி. பின்னாலேயே மண்வெட்டியும் தூக்குவாளியுமாக ஏரிக்கரையில் வேலை செய்த பெண்கள் கூட்டம். விஷயத்தைக் கேட்டாள்.

"எதுக்கு மூட்டைய ஏத்தி எறக்கிக்கினு? நாங்க தானா ஏறுவோம், தானா எறங்குவோம். ஏறுங்கடி!"

ஏறினார்கள். மொத்தம் பதினெட்டுப் பேர். அதில் இருசம்மாள் ஏறினபோது மட்டும் வண்டி தனியாக ஒரு தடவை 'கிர்ர்' என்றது.

"ஏய் இருசம்மா, மெதுவாடி. ஷாக்கப்சர் வாங்கறதுக்குள்ள வண்டியே பூடும் போல."

"நான் ஏறினாதாண்டி சரியான அளவு வரும். உன்ன மாதிரி பத்து பேர் ஏறினாலும் அது காத்து கணக்கு."

"கீழ அந்தத் தம்பி படுத்துக்கினு கீறான், அமுக்கிடாதீங்க!"

"அமுக்கினா நாங்களே எழுப்பறோம். தம்பி, கல்யாணம் ஆயிடிச்சா?"

"ஆயிடிச்சி ஆயா" என்றது கால்.

"ஆயாவா? யார்ரா ஆயா?" என்று மேலே ஒரு கூச்சல் எழுந்து அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ராஜேஷ் வாழ்நாளில் எத்தனையோ பாரம் ஏற்றியிருக்கிறான். வாய் இருக்கிற பாரத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறான். இதைத் தூக்கவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். இப்படி ஒரு லோடு தினமும் கிடைத்தால் மனுஷன் நூறு வருஷம் இருப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

வண்டி இன்னும் முழுசாக உட்காரவில்லை. நாலு மூட்டையை மட்டும் மேலே தள்ளினார்கள். அதன்மேல் பெண்கள் சட்டமாக உட்கார்ந்தார்கள்.

"நல்லா குதிச்சி உக்காருங்க" என்றார் ஆதிமூலம் பின்கதவைத் தட்டி. "பின்னாடி என்னுதுதான். யாரையும் கேக்கத் தேவையில்ல."

குதித்தார்கள். அச்சு மேலே வந்து ரப்பர் கட்டையில் முட்டியது. அதற்குமேல் எந்த வண்டியும் அமுங்காது.

"பதினாலு!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

பிரவீன்குமார் வெளியே வந்து கணக்குச் சொன்னான். வண்டியைத் தூக்கினால் தொங்குகிற அளவு ரெண்டு அங்குலம் கூடி இருபத்திரண்டரை ஆகும். ஆனால் அமுங்குகிற அளவு மாறாது, ரப்பர் கட்டை இருந்த இடத்தில்தான் இருக்கும். ஆக, பதினாலுக்குக் கீழே சுருங்கவேண்டும், இருபத்திரண்டரைக்கு மேலே நீளவேண்டும். பழசு நீளாது. சிவப்பு சுருங்காது.

"பதிமூன்றரைக்குச் சுருங்கி இருபத்திமூணுக்கு நீளற கறுப்பு ஒண்ணு கடையில கீது ண்ணா. பார்வைக்கு அவ்ளோ ஷோக்கா இருக்காது."

"ஷோக்கு வேணாம், அதான் வேணும்" என்றான் ராஜேஷ். "நாலு சக்கரத்துக்கும் அதே கணக்குல பார்த்து, பட்டையும் சேத்து எவ்ளோ ஆவும்?"

"கூலியோட பதிமூணுக்குள்ள முடிச்சிடலாம்."

ராஜேஷின் கை பைக்குப் போய், ஊக்கைத் தொட்டு, சட்டென்று திரும்பி வந்தது. ஆனால் ஆதிமூலம் பார்த்துவிட்டார்.

"பதிமூணு கீதா கையில?"

வண்டிமேல் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கீது ண்ணா."

"அப்ப என் பாக்கிய வையி." குரலில் கோபம் இல்லை, உண்மையான பயம் இருந்தது. அவர் கையை வண்டிக்கு மேலே ரெண்டு அங்குலம் உயர்த்திக் காட்டினார். "இவ்ளோ ஒசரத்துல மலை வளைவுல போவ. கவுந்துச்சின்னா உனக்கு முன்னாடி ரெண்டு சக்கரம் போவும். எனக்குப் பின்னாடி ரெண்டும் போவும், பாக்கியும் போவும். மொதல்ல என் பாக்கி. அப்புறம் நீ மாடிக்கு வேணா தூக்கு."

"ண்ணா, திங்கக்கிழம தாண்டலன்னா டிராக்டருக்குப் பூடும். அப்புறம் பாக்கி எப்பிடித் தீரும்?"

"அது எனக்குத் தெரியாது. பின்சக்கரம் என்னுது. அதத் தூக்க நான் வுடல."

ராஜேஷ் பின்சக்கரத்தைப் பார்த்தான். ரெண்டு வருஷம் உதை வாங்கின சக்கரம். பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு ஏதோ தோன்றியது. மெதுவாகக் கேட்டான்.

"ண்ணா. பின்சக்கரம் உங்களுதுதானே?"

"என்னுதுதான். நாலு பேர் முன்னாடி சொன்னது."

"அப்ப அந்த டயர் ரெண்டும் யாருது?"

"சக்கரம் என்னுதுன்னா டயரும்..." ஆதிமூலம் நிறுத்திவிட்டார். ஆனால் வண்டிமேல் இருந்த பாரத்துக்கு வாய் இருந்தது.

"யம்மா, மாரியாத்தா திருவிழாவுக்குப் போவும்போது வெடிச்சிதே!" என்றாள் இருசம்மாள். "நடு ரோட்டுல எறங்கி நின்னோமே. இந்தத் தம்பிதான ரெண்டு டயர் மாத்திச்சி?"

"எட்டாயிரத்து நானூறு" என்றான் ராஜேஷ்.

"பிரேக்கு?" என்றாள் ராணியம்மாள். அவள் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "என் தங்கச்சி பொண்ணுக்கு சீர் கொண்டாந்தப்ப புடிக்கலன்னு பின்னாடி ரெண்டும் மாத்தினியே."

"ரெண்டாயிரத்து நூறு அண்ணி."

"நம்ம வாசல்லயே ஒரு நாளு சக்கரத்த கழட்டிப் போட்டு பேரிங் மாத்தினியே. இவரு நாற்காலி போட்டு உக்காந்து யோசனை சொல்லிக்கினு இருந்தாரே."

"அது ஆயிரத்து எட்டுநூத்தம்பது."

ராணியம்மாள் மூன்றையும் வாய்விட்டுக் கூட்டினாள். வண்டியிலிருந்தவர்களும் கூடவே கூட்டினார்கள். பன்னிரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது என்று எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

"உன் சக்கரத்துக்கு அவன் செலவு பண்ணிக் கீறான்" என்றாள் புருஷனிடம். ஊர் நியாயம் பேசும்போது அவளுக்கு 'ங்க' வராது. "ஒண்ணு, அன்னைக்கு டீக்கடையில சொன்னது சும்மா பேச்சுன்னு சொல்லு. இல்ல, சக்கரம் என்னுதுதான்னு சொல்லிட்டு செலவ ஏத்துக்க. ரெண்டுல ஒண்ணு."

ஆதிமூலம் வானத்தைப் பார்த்தார். மக்காச்சோளத்தைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் சொன்ன பேச்சைச் சும்மா பேச்சு என்று சொல்வதற்கு அவருக்கு நாக்கு வளையாது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். கடைசியில் அவர் தோள் குலுங்கியது. எல்லாரும் அழுகிறார் என்று பயந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாக்கி பதினோராயிரத்து அறுநூறு. அப்ப நான் இவனுக்கு எழுநூத்தம்பது தரணுமா?"

"அத வுடுங்க ண்ணா" என்றான் ராஜேஷ்.

"வுடறதா? ஆதிமூலம் பாக்கி வச்சிட்டான்னு இந்தப் பதினெட்டுப் பேரும் நாளைக்கு ஏரிக்கரையில சொல்லும். திங்கக்கிழம வரேன். லோடோட அந்தப் பாறைய இடிக்காம தாண்டினா தரேன். இடிச்சிதுன்னா, என் பேச்சக் கேக்காம கறுப்பு வாங்கினதுக்கு அது அபராதம்."

ராஜேஷ் ஊக்கைக் கழற்றினான். பணம் பிரவீன்குமார் கைக்குப் போனது.

*

திங்கட்கிழமை காலை ஓடைக்கரையில் ஊர் முழுக்க நின்றது. வண்டியில் மரவள்ளி குவிந்திருந்தது. அதன் உச்சியில் ஆதிமூலம் உட்கார்ந்திருந்தார். முன்னால் உட்காரச் சொன்னதற்கு, "பின்னாடிதான் என் எடம். அங்க இருந்தாதான் சத்தம் கேக்கும்" என்றுவிட்டார். சாமியம்மாள் பாறைக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு ஒதுங்கினாள்.

"ஏண்ணா, இடிக்கணும்னு வேண்டிக்கினு வந்தீங்களா, இடிக்கக் கூடாதுன்னா?" என்று கேட்டாள்.

"அது எனக்கும் அந்தப் பாறைக்கும் நடுவுல" என்றார்.

ராஜேஷ் முதல் கியரில் இறக்கினான். முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்தது. வண்டி உட்கார்ந்தது, எழுந்தது, ஒரு தடவைக்கு மேல் ஆடவில்லை. பின்சக்கரம் விழுந்தது. அவன் கழுத்துக்குப் பின்னால் அந்த 'டங்'குக்காகக் காத்திருந்தான். தண்ணீர் சத்தம் கேட்டது. இன்ஜின் சத்தம் கேட்டது. ஆதிமூலம் உச்சியில் காதைச் சாய்த்துக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது. அதற்குள் வண்டி எதிர்க்கரையில் ஏறிவிட்டது. ஓடையில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர் ஒருத்தர் ரெண்டு விரலைப் பக்கவாட்டில் சேர்த்துக் காட்டினார். இடைவெளி அவ்வளவுதான், ஆனால் இடைவெளி.

ஊர் கத்திய கத்தலில் கற்பூரம் அணைந்தது.

ஆதிமூலம் கிழங்கு மேலிருந்து இறங்கி, இடுப்பு மடிப்பிலிருந்து எழுநூற்று ஐம்பது ரூபாயை எடுத்து ராஜேஷின் பையில் திணித்தார். "ஆச்சி. எனக்கு உன்னாண்ட இல்ல, உனக்கு என்னாண்ட இல்ல."

"ஆச்சி ண்ணா."

அவர் பின்கதவைப் பார்த்தார். அன்புச்செல்வன், அறிவுச்செல்வன். "இத அழிச்சிடுவியா?"

"பெயிண்டு காசு யாரு குடுக்கறது ண்ணா? இருந்துட்டுப் போவட்டும்."

ஆதிமூலத்தின் முகம் தெளிந்தது. பழக்கதோஷத்தில் இடது பின்சக்கரத்தின் பக்கம் போய்க் காலைத் தூக்கினார். பாதித் தூரத்தில் கால் நின்றுவிட்டது. அப்படியே ஒற்றைக்காலில் நின்றுகொண்டு ராஜேஷைத் திரும்பிப் பார்த்தார்.

"உதைக்கலாமாடா?"

"ஒரு பக்கம் மட்டும் ண்ணா" என்றான் ராஜேஷ்.